சேவல் கூப்பிடட்டும், நீங்கள் பெட்டையைப் பாருங்கள்

கோழி வளர்க்கிற வீட்டில் எல்லோர் கண்ணும் சேவல் மேல்தான் இருக்கும். கூவுவது, துரத்துவது, நெஞ்சை நிமிர்த்தி நடப்பது எல்லாம் அதுதானே. ஆனால் யாருடைய குஞ்சு பொரிக்கும் என்பதில் பெட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சில வாரங்கள் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது முழுதாகப் புரிந்தது. நீங்களும் பார்க்கலாம். காசு செலவில்லை.

நாட்டுக்கோழியின் மூதாதை, வட இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்க்கும் சாம்பல் காட்டுக்கோழி வேறு இனம். ஆனாலும் பல கோழிகளின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். ஆக, நம் கொல்லையில் மேய்வது பாதிக் காடு. கூப்பிடுகிற முறையும் தேர்ந்தெடுக்கிற முறையும் இன்னும் காட்டுடையவைதான்.

தொடங்கும் முன்

குறைந்தது 2 சேவல், 5 அல்லது 6 பெட்டை வேண்டும். அவை அவிழ்ந்து மேய வேண்டும். கூண்டுக்குள் பெட்டைக்கு விலகிப் போக இடமில்லை, அதனால் அங்கே பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் போதாவிட்டால் காலில் வண்ண வளையம் போடலாம், இறுக்கமாக வேண்டாம். எங்கள் வீட்டில் செவலை, கருப்பு என்று 2 சேவல்கள். பெட்டைகள் எல்லாமே செவலை. இந்த நிறங்களை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

விடிகாலையில் அரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். முட்டையிட்டு முடித்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில்தான் இணை சேர்வது அதிகம். அதனால் சாயங்காலத்தை விடாதீர்கள்.

படி 1: யார் முதலில் கூவுகிறார்?

விடிகாலைக் கூவலைப் பெட்டையை அழைப்பது என்று நினைத்துவிட வேண்டாம். அது முக்கியமாக மற்ற சேவல்களுக்கான அறிவிப்பு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் காட்டியது இது: கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள சேவல் முதலில் கூவும், மற்றவை தகுதி வரிசைப்படி பின்தொடரும். ஒரு வாரம் குறித்தாலே உங்கள் கொல்லையின் தலைவன் யார் என்று தெரிந்துவிடும். எங்களுக்குச் செவலை.

படி 2: இரைக் கூப்பாடு

நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். சேவலுக்கு நல்ல இரை கிடைத்தால் உடனே விழுங்காது. அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும். தலை மேலும் கீழும் ஆட, அலகுக்குக் கீழே தொங்கும் தாடி குலுங்க, 'கொக்-கொக்-கொக்' என்று வேகமாக அழைக்கும். பெட்டை ஓடி வந்து தின்னும். சேவல் பார்த்துக்கொண்டு நிற்கும். தாடி ஆடுவது வெறும் அழகுக்கல்ல, ஆட்டம் கண்ணில் பட்டால் பெட்டை இன்னும் விரைவாக வரும்.

செய்து பார்க்க எளிய வழி கறையான். சாணமும் ஓலையும் போட்ட பானையைக் கவிழ்த்து வைத்து எடுப்பார்களே, அதில் ஒரு பிடி போதும். சேவல் பக்கத்தில் போட்டுவிட்டு விலகி உட்காருங்கள். நோட்டில் 3 கட்டம் போடுங்கள்: பெட்டை ஓடி வந்தது, நடந்து வந்தது, கண்டுகொள்ளவில்லை. சேவல் எத்தனை தடவை கூப்பிட்டது என்பதைவிட இந்த 3 கட்டங்கள்தான் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

அப்புறம் கறையானுக்குப் பதில் ஒரு கடலைத் தோலைப் போடுங்கள். சில சேவல்கள் அதற்கும் அழைக்கும்! தின்ன முடியாத பொருளுக்கும் சேவல் கூப்பிடுகிறது, அதுவும் பெட்டை தூரத்தில் நிற்கும்போது அதிகமாக, என்று 1988-லேயே எழுதியிருக்கிறார்கள். ஏமாந்த பெட்டை அடுத்த முறை எவ்வளவு வேகமாக வருகிறது என்று தவறாமல் குறியுங்கள்.

இன்னொன்று, கவனித்தால்தான் தெரியும். கீழ்நிலைச் சேவல் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் தலைவன் வந்து விரட்டிவிடும். அதனால் அது வாயைத் திறக்காமல் தலையாட்டலை மட்டும் செய்யும். எங்கள் கருப்பு வைக்கோற்போர் மறைவில் இப்படி ஊமையாக ஆடியதை முதல்முறை பார்த்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

படி 3: இறக்கை தாழ்த்தி வட்டமிடுதல்

ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசத் தாழ்த்தி, பெட்டையைச் சுற்றி அரைவட்டம் போடும். சுலபமாகக் கண்ணில் படும். எண்ணிக்கை மட்டும் குறித்தால் போதும்.

படி 4: பருந்து வரும் நேரம்

இதை நாமாக உண்டாக்கக் கூடாது. காத்திருந்துதான் பார்க்க வேண்டும். வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் இழுத்த மெல்லிய கீச்சுக் குரல் கொடுக்கும். பூனையோ கீரியோ தரையில் வந்தால் 'கெக்-கெக்-கெக்' என்று உடைந்த குரலில் இரையும். இரண்டும் வேறு வேறு. பக்கத்தில் பெட்டை இருந்தால் சேவல் பருந்துக் குரலை அதிகம் கொடுக்கிறது, தனியாக இருந்தால் பெரும்பாலும் பேசாமல் பதுங்கிவிடுகிறது.

எந்தச் சேவல் அதிகம் இணை சேர்கிறது, அதிகக் குஞ்சுகளுக்குத் தகப்பனாகிறது என்பதை எதை வைத்துச் சொல்லலாம்? 2008-இல் வந்த ஓர் ஆய்வில் கொண்டை, உடல், கூவல் எல்லாவற்றையும்விட இந்த எச்சரிக்கைக் குரல்தான் முன்னால் நின்றது. இன்னொரு பக்கமும் உண்டு: அண்மையில் இணை சேர்ந்த சேவல் அதிகமாக எச்சரிக்கிறது. காக்க வேண்டிய குஞ்சு தன்னுடையதாக இருக்கலாம் அல்லவா?

படி 5: கொண்டை

கொண்டையின் நீளம், நிமிர்வு, சிவப்பு மூன்றையும் எழுதுங்கள். 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்தோல்ட் என்ற ஆய்வாளர் இளம் சேவல்களின் விந்து சுரக்கும் விதைகளை எடுத்துப் பார்த்தார். கொண்டை வளரவில்லை, கூவலும் சண்டையும் போயின. விதையை வயிற்றுக்குள் திரும்ப வைத்த சேவல்களுக்கு எல்லாம் இயல்பாக வந்தன. கொண்டை உடம்புக்குள் இருப்பதை வெளியே காட்டுகிறது. குடற்புழு உள்ள சேவலின் கொண்டை சிறுத்து வெளிறும், பெட்டைகள் அதைத் தவிர்க்கும் என்று 1990-இல் ஆய்வாளர் மார்லீன் ஸுக் குழுவினர் சிவப்புக் காட்டுக்கோழியில் காட்டினார்கள். எனவே பார்க்கத் தொடங்கும் முன் எல்லாச் சேவலுக்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு பிசகும்.

படி 6: பெட்டையின் பதில்

சம்மதம் என்றால் பெட்டை பம்மி உட்காரும், இறக்கையைச் சற்று விரிக்கும். இல்லையென்றால் ஓடும், கத்தும். அந்தக் கத்தல் கேட்டுத் தலைவன் ஓடிவந்து, மிதிக்கிற (மேலேறி இணை சேர்கிற) சேவலைத் தள்ளிவிடும். கத்துவதே ஒரு வழி.

அதையும் மீறி மிதிபட்டால் பெட்டையிடம் இன்னொரு வழி இருக்கிறது. பிடிக்காத கீழ்நிலைச் சேவலின் விந்தை அது உடனே வெளியே தள்ளிவிடும். டொம்மாசோ பிட்ஸாரி, டிம் பர்க்ஹெட் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்டது இது. நமக்குக் கண்ணால் தெரியாது. ஆனால் மிதித்ததை எல்லாம் 'வெற்றி' என்று நோட்டில் எழுதக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். 'பம்மியது', 'கத்தியது' என்று தனித்தனியாக எழுதுங்கள்.

படி 7: அடை வைத்துப் பார்த்தல்

பெட்டை தன் உடம்புக்குள் விந்தை ஏறக்குறைய 2 வாரம் சேமித்து வைக்கும். அதனால் இன்று சேர்ந்த சேவல்தான் நாளைய முட்டைக்குத் தகப்பன் என்று சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால் மற்றவற்றை 3 வாரம் பிரித்து வைத்த பிறகே முட்டை சேர்க்க வேண்டும். நாம் பார்க்க வந்தது பெட்டையின் தேர்வை, எனவே பிரிக்காமல் அப்படியே விடுங்கள். முட்டைகளை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும்.

எங்கள் நோட்டில் கூவலிலும் துரத்தலிலும் செவலைதான் முன்னால். பருந்துக்குக் குரல் கொடுத்ததில் கருப்பு. அந்த அடையில் 9 குஞ்சு பொரித்தது. தாய் செவலை. செவலைக்கும் செவலைக்கும் கருங்குஞ்சு பிறக்காது. தாயின் இறக்கைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டியபோது எண்ணினேன்: 4 கருப்பு.