இரட்டைப் பிளக் ஒயரைத் தூக்கி எறியுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர்கள் ஊர் ஊராகச் சுற்றின. ஒயரிங் வேலை செய்யும் நான் அப்போது ஓயாமல் சண்டை போட்டது இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரை எதிர்த்துத்தான். அதன் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகினால் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் வரை ஆகலாம். கம்பத்தில் நிற்கும் லைன்மேன் என்ன ஆவார்? "மெயினை அணைத்துவிட்டேனே" என்பார்கள் வீட்டுக்காரர்கள். ஒருநாள் மறந்தால்?

மீட்டருக்கும் மெயின் போர்டுக்கும் நடுவே சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வையுங்கள். பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) இரண்டையும் சேர்த்து மாற்றும் வகைதான் வேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் மின்வாரியம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதுவுமில்லை. இரண்டும் ஒருபோதும் சேராது. உரிமம் பெற்ற மின்பணியாளரே இதைப் பொருத்தட்டும்.

முதலில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, பிறகு கைப்பிடியை மாற்றி, விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். 2 கிலோவாட் இயந்திரம் தண்ணீர் மோட்டாரைக் கிளப்பும்போது திணறும்.

மழை என்று ஜெனரேட்டரைத் திண்ணைக்குக் கொண்டுவராதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாசல், ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரையின் கீழ் வையுங்கள். பெட்ரோல் ஊற்றும் முன் அணைத்து ஆறவிடுங்கள்.