ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து திரும்பும் ஸ்டார் பிளேயர்: டீம்கள் தவிர்க்க வேண்டியவை

"டோர்னமென்ட் தேதி வந்தாச்சு, பையனை எப்படியாவது இறக்கிடணும்." முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் (நார்) கிழிந்து ஆபரேஷன் ஆன பேஸ்கட்பால் ஆட்டக்காரர் விஷயத்தில் நம் பக்கத்து டீம்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தப் பேச்சிலிருந்துதான் கிளம்புகின்றன. காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் என்று எந்த கிரவுண்டுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். தேதியை முதலில் வைத்துக்கொண்டு முட்டியை அதற்கேற்பத் தயார் செய்யப் பார்க்கிறார்கள்.

கோளாறு அடிபட்ட அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது. பந்தோடு திரும்பும்போது 'டப்' என்று சத்தம், இரண்டு மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். உடனே யாராவது சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போவார், இல்லையென்றால் வண்டி புத்தூருக்குக் கிளம்பும். புத்தூர் கட்டுக்கு எலும்பு முறிவில் நல்ல பேர் இருக்கலாம். நான் அதில் வாதாட வரவில்லை. ஆனால் முழுசாக அறுந்த ஏ.சி.எல். கட்டுப் போட்டதால் பழைய உறுதிக்கு வந்துவிடும் என்று நம்பி யாரும் கோர்ட்டுக்குத் திரும்பக் கூடாது. வீங்கிய முட்டியில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைத்தான் கூட்டும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல" என்ற வார்த்தையும் ஆபத்தானது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், லிகமென்ட் தெரியாது. மருத்துவர் முட்டியை அசைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும், அப்புறம் எம்.ஆர்.ஐ. அதற்கு முன் "சும்மா சுளுக்குதான்" என்று ஆட விட்டால், லிகமென்டோடு நிற்காமல் மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பும் சேர்ந்து கிழிகிறது.

அடுத்தது, ஆபரேஷன் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. உண்மையில் அன்றைக்குத்தான் வேலை தொடங்குகிறது. அறுந்ததைத் தைப்பதில்லை. பெரும்பாலும் தொடைப் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அதற்குப் புதிதாக ரத்த ஓட்டம் வந்து, அது மெல்ல மெல்ல லிகமென்டாக மாற மாதக்கணக்கில் ஆகும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பொருத்திய நாளைவிட முதல் சில மாதங்களில் அது இன்னும் பலவீனமாகத்தான் இருக்கும். பையனுக்கு வலி போய், பைக் ஓட்டி, மாடி ஏறி, "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான். அவன் பொய் சொல்லவில்லை. வலிதான் போயிருக்கிறது, நார் இன்னும் தயாராகவில்லை.

அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதமாவது ஆட்டத்துக்குத் திரும்பாதே என்கிறார்கள். 2016-இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாக்-அவுட் டோர்னமென்ட் வருகிறது என்றால், எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஒன்பது மாதம் ஓடிவிட்டது என்பதற்காக மட்டும் இறக்கிவிடுவதும் தவறுதான். சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பெரிய லேப் தேவையில்லை. கோர்ட்டின் பக்கக் கோட்டை ஒட்டி அளவு டேப்பை நீட்டி வையுங்கள். ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் இறங்கி, இரண்டு நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். மற்ற கால் தரையில் ஊன்றினால் அந்தத் தாவல் செல்லாது. இரண்டு காலிலும் மூன்று முறை. அடிபட்ட கால், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். அதோடு நின்றுவிடாதீர்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா? மடங்காமல் விறைப்பாக இறங்குகிறானா? உடம்பு நல்ல கால் பக்கம் ஒதுங்குகிறதா? ஸ்டார் பிளேயர் என்றால் உடம்பை ஏய்க்கத் தெரிந்தவன் என்றும் அர்த்தம். இடுப்பையும் கணுக்காலையும் வைத்துத் தூரத்தைக் கொண்டுவந்துவிடுவான். இன்னொன்று, இத்தனை மாதம் ஆடாததில் நல்ல காலும் இளைத்திருக்கும். அதோடு ஒப்பிட்டு வரும் 90 கொஞ்சம் தாராளமான 90. தொடைத் தசை பலத்தைக் கருவி வைத்து அளக்கும் பிசியோவிடம் ஒரு தடவையாவது காட்டுவது அதற்காகத்தான்.

வேலூர்க்காரர்கள் பிசியோதெரபியைப் பாதியில் விடுவதில் எனக்கு ஒரு தனி வருத்தம். விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டது இந்த ஊர் சி.எம்.சி.யில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு, தையல் பிரித்த கையோடு "வீட்டுலயே பாத்துக்கறோம்" என்கிறோம்.

சரி, சோதனையில் தேறிவிட்டான். அப்படியே மேட்சில் இறக்கலாமா? கூடாது. முதலில் எதிராளி இல்லாமல் ஷூட்டிங், அப்புறம் திசை மாற்றி ஓடுவது, அப்புறம் ஒருவருக்கு ஒருவர், மூன்றுக்கு மூன்று, கடைசியில்தான் முழு ஐவர் ஆட்டம், அதுவும் சில வாரங்கள் பயிற்சியில். "சும்மா ப்ராக்டீஸ் மேட்ச்தானே" என்பார்கள். பக்கத்து ஊர் டீம் எதிரே நின்றால் சும்மா ஆடுகிற ஸ்டார் யாரும் கிடையாது.

திரும்பிய பிறகு நிமிடக் கணக்கு. இங்கேதான் நல்ல கோச்சுகளும் சறுக்குகிறார்கள். 40 நிமிட ஆட்டத்தில் 15 நிமிடம்தான் என்று முடிவெடுத்துவிட்டு, அதைக் கடைசி குவார்ட்டருக்கு மிச்சம் பிடிக்கிறார்கள். பையன் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போய், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே போகிறான். இதைத் தலைகீழாக்குங்கள். முதல் குவார்ட்டர் தொடக்கத்திலும், இடைவேளை முடிந்து மூன்றாவது தொடங்கும்போதும் ஆட விடுங்கள். இரண்டு முறையும் வார்ம்-அப் முடிந்த சூட்டோடு போவான். 941 நாள் கழித்து 2022 ஜனவரியில் திரும்பிய கிளே தாம்சனை, அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் டீம் முதல் ஐவரில்தான் இறக்கியது. 20 நிமிடம் ஆடி 17 பாயிண்ட் எடுத்தார். அடுத்தடுத்த நாள் மேட்ச் வந்தால் தொடக்கத்தில் ஒன்றில் அவருக்கு ஓய்வு. அந்த வருஷமே கோப்பையும் வாங்கினார்கள்.

நம் ஊர் டோர்னமென்ட்களில் அடுத்தடுத்த நாள்கூட இல்லை, காலையில் செமி, சாயங்காலம் ஃபைனல். ஏப்ரல், மே மாதம், சிமென்ட் கோர்ட், வேலூர் வெயில். களைத்த காலில்தான் இறங்குவது தப்பாகிறது. திரும்பி வந்த முதல் டோர்னமென்டில் இரண்டில் ஒன்று என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மேட்ச் என்பதையும் முன்னாடியே எழுதி வையுங்கள். ஃபைனலுக்கு வந்த பிறகு பேசினால் மனசு கேட்காது.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் கவனம் வேண்டும். 2012 ஏப்ரல் 28 அன்று என்.பி.ஏ.வில் சிகாகோ டீமின் ஆட்டக்காரர் டெரிக் ரோஸுக்கு இடது முட்டி ஏ.சி.எல். போனபோது அவருடைய டீம் 12 பாயிண்ட் முன்னால் இருந்தது, மிச்சம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அந்த சீசன் முழுக்கவே அவர் காயங்களோடு வந்துபோய்க்கொண்டிருந்தவர். அடுத்த சீசன் முழுவதும் ஆடாமல், ரசிகர்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டு காத்திருந்து திரும்பியவருக்கு, சில வாரங்களிலேயே வலது முட்டி மெனிஸ்கஸ் கிழிந்தது. அடிபட்ட காலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்ற காலை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: "ஆடலாம்" என்று சொல்வது யார்? ஆட்டக்காரரிடம் விட்டால் ஆடுகிறேன் என்பார். கோச்சுக்குக் கோப்பை வேண்டும். அப்பா அம்மாவுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கான சர்டிபிகேட் வேண்டும், அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது, பல வீடுகளில் காலேஜ் சீட்டே அதில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் அந்த மேட்சில் ஒரு பங்கு இருக்கிறது. பணம் கொட்டும் டீமும் இதற்கு விலக்கில்லை. கெண்டைக்கால் காயத்தில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்த அதே வாரியர்ஸின் கெவின் டுரான்ட், 2019 ஜூன் 10-இல் தோற்றால் முடிந்தது என்ற ஃபைனல் தொடர் ஆட்டத்தில் இறங்கி, 12 நிமிடத்தில் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். பழி சொல்வதென்றால் தன்மேல் சொல்லுங்கள் என்று டீமின் மேனேஜர் கண்ணீரோடு நின்றார். அந்த மேட்சை ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள், தொடரைத் தோற்றார்கள்.

அதனால் டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், ஆபரேஷன் செய்த மருத்துவரோ பிசியோவோ, எழுதிக் கொடுக்கட்டும்: எத்தனை நிமிடம், எத்தனை மேட்ச், எது தெரிந்தால் நிறுத்த வேண்டும். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் அடுத்த மேட்ச் இல்லை என்ற ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். கோச் அந்தச் சீட்டைப் பார்த்து ஆளை மாற்றினால் போதும், யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

பெண்கள் டீம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் அவசியம். பேஸ்கட்பாலில் ஏ.சி.எல். கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனால் நம் பக்கத்தில் ஆபரேஷன் ஆன பெண்ணுக்கு "இனிமே எதுக்கு ஆட்டம்" என்ற பதில்தான் சீக்கிரம் கிடைக்கிறது. அவளுக்கும் அதே ஒன்பது மாதம், அதே சோதனை, அதே பெஞ்சில் இடம்.

ஆடத் தொடங்கியதும் உடற்பயிற்சியை நிறுத்திவிடுவது கடைசித் தவறு. 25 வயதுக்குக் கீழே ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, ஏதோ ஒரு முட்டியில் மறுபடி ஏ.சி.எல். போகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள். ஒற்றைக் கால் ஸ்குவாட், தாவி இறங்கிப் பழகுவது, பின்தொடைப் பயிற்சி எல்லாம் வாரம் இரண்டு நாளாவது தொடர வேண்டும். அவனை மட்டும் ஓரமாக நிற்க வைத்துச் செய்யச் சொன்னால் ஒரு மாதத்தில் விட்டுவிடுவான். மொத்த டீமின் வார்ம்-அப்பிலேயே சேர்த்துவிடுங்கள், மற்றவர்கள் முட்டிக்கும் அது நல்லதுதான்.