ஐ.க்யூ. சோதனைக்குப் போகும் முன்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அறிவுத்திறன் சோதனைக்கு நேரம் வாங்கும்போதே, எந்தச் சோதனை என்று கேட்டுவிடுங்கள்.

என் அக்கா மகனைத் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் மதுரைக்கு அழைத்து வந்தோம். உச்சி வெயில். அறையில் டியூப்லைட் ரீங்காரம். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பாதிக் கேள்விக்குப் பதிலே இல்லை. வந்த மதிப்பெண் அவன் களைப்பின் அளவு என்றே இன்றும் நம்புகிறேன். மாட்டுத்தாவணியில் நின்ற பஸ்களின் தட எண்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பவன் அவன்!

வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் நிறைந்த சோதனை சில பிள்ளைகளுக்குப் பொருந்தாது. ராவன் மேட்ரிசஸ் என்று ஒன்று உண்டு: ஒரு வடிவத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடித்து விரலால் காட்டினால் போதும். 2007இல் வெளிவந்த மான்ட்ரியல் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வாயால் பதில் சொல்லும் கேள்விகளும் கொண்ட வழக்கமான வெக்ஸ்லர் சோதனையைவிட இதில் சராசரியாக 30 சதமானப் புள்ளிகள் மேலே இருந்தார்கள். சதமானம் என்றால், அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் எத்தனை பேரைவிட மேலே என்ற கணக்கு. இது சிறிய வேறுபாடா?

காலை நேரமாகக் கேளுங்கள். முடிந்தால் இரண்டு நாளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கேள்விகள் தமிழில் இருக்கட்டும். கையை ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோ தடுக்க வேண்டாம், கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்த வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிக்கையில் மொத்த எண் மட்டும் இருந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிரிவுவாரி மதிப்பெண்களும், அன்று பிள்ளை எப்படி இருந்தான் என்ற குறிப்பும் எழுத்தில் வேண்டும். பள்ளித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது கைகொடுப்பவை அவைதாம்.