அபிலியன் செய்தியை அனுப்ப முன் ஒரு சின்னக் கணக்கு

“சூரியன் தூரப் போகிறது, தடிமன் காய்ச்சல் வரும், பிள்ளைகளைப் பத்திரமாகப் பாருங்கோ” என்று ஜூலை நெருங்க வாட்ஸ்அப்பில் அபிலியன் (பூமி சூரியனிலிருந்து ஆகத் தூரத்தில் இருக்கும் நிலை) பற்றி ஒரு செய்தி சுற்றும். அதிலுள்ள இலக்கத்தை மட்டும் பிடியுங்கள். வழமையாகச் சூரிய ஒளி வர 5 நிமிடம், தூரம் 90 மில்லியன் கி.மீ., அபிலியனில் அது 66 வீதம் கூடும் என்றிருக்கும். பிழை அங்கேதான். ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கி.மீ. ஓடும், நம்மிடம் வர 500 செக்கன், அதாவது 8 நிமிடம் 20 செக்கன் எடுக்கும். பெருக்கினால் 150 மில்லியன் வரும். ஜூலையில் அது 152, ஜனவரியில் 147. வித்தியாசம் 3 வீதமளவுதான், செய்தி சொல்வதுபோல் 66 வீதமல்ல.

ஜூலையில் கொழும்பு கொஞ்சம் குளிர்ந்தால் அது தென்மேற்குப் பருவக்காற்றின் முகிலும் மழையும். தடிமனுக்குக் காரணம் வைரஸ்.

இதை வைத்துப் பகிடிப் படம் செய்கிறீர்களா? நல்லது. ஆனால் “பகிடி” என்ற சொல்லைப் படத்துக்குள்ளேயே பெரிதாகப் போடுங்கள். கீழே எழுதும் வரி அடுத்தவர் அனுப்பும்போது கழன்றுவிடும்; படம் மட்டும் செய்தியாக ஓடும்.