ஸ்போர்ட்ஸ் காரில் ஈ.எஸ்.சி.யை அணைக்கும் முன்

"நன்றாக ஓட்டுபவனுக்கு ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்கித் திசைமாறாமல் காக்கும் மின்னணுக் கருவி) எதற்கு?" என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: இடது பின்சக்கரத்துக்கு மட்டும் உங்களால் பிரேக் போட முடியுமா? ஓட்டுநருக்கு இருப்பது ஒரே பிரேக் மிதி. ஸ்டியரிங் கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, தேவையான சக்கரத்தை மட்டும் பிடிப்பது அந்தக் கருவியின் வேலை. முரட்டு ஸ்போர்ட்ஸ் காரான 2013 எஸ்.ஆர்.டி. வைப்பரில்கூட அமெரிக்கச் சட்டம் அதைச் சேர்க்கவைத்தது. வைப்பர் ரசிகர்கள் முகம் சுளித்திருப்பார்கள், சுளிக்கட்டும்.

பந்தயத் தடத்தில் பழகும்போது அதை அணைக்காமல், அது குறுக்கிடும்போது டாஷ்போர்டில் மின்னும் மஞ்சள் விளக்கைக் கவனியுங்கள். எந்த வளைவில் மின்னுகிறதோ, அங்கே ஆக்சிலரேட்டரை முரட்டுத்தனமாக மிதிக்கிறீர்கள், அல்லது ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புகிறீர்கள். அதே வேகத்தில் மின்னாமல் ஓட்டப் பழகிய பிறகு, உங்கள் காரில் இருந்தால், ஈ.எஸ்.சி. சற்றுத் தாமதமாகக் குறுக்கிடும் ஸ்போர்ட் நிலைக்கு மாறலாம். முழுவதும் அணைப்பது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

பல கார்களில் ஈ.எஸ்.சி. பொத்தானை ஒருமுறை தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) மட்டுமே அணையும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் ஈ.எஸ்.சி.யும் அணையும். கையேட்டைப் பாருங்கள். தேய்ந்த டயருக்கு இந்தக் கருவியால் பிடிமானம் தர முடியாது.