வீல் லோடர் சக்கரம் மாற்றும்போது: நட்டில் கை வைக்கும் முன் காற்றை இறக்குங்கள்

கார் டயரில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு விசை), மண் அள்ளும் வீல் லோடரின் டயரில் 50 பிஎஸ்ஐ. கேட்டால் பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஆனால் 23.5-25 அளவுள்ள லோடர் டயரின் ஒரு பக்கச் சுவர் 2,000 சதுர அங்குலத்துக்கு மேல் பரப்புள்ளது. 50 பிஎஸ்ஐ காற்று அதன்மேல் தள்ளும் விசை 40 டன்னைத் தாண்டும். ரிம்மும் ஒரே துண்டு அல்ல: அடி ரிம், இரண்டு ஃபிளாஞ்ச் (ஓர விளிம்பு வளையம்), பீட் சீட் பேண்ட் (டயரின் உள் ஓரம் உட்காரும் வளையம்), இவற்றை வெளியே வராமல் பிடிக்கும் லாக் ரிங். ரிம்மில் உள்ளே விரிசல் இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. அப்படிப்பட்ட ரிம்மைச் சேர்த்துப் பிடித்திருப்பது வீல் நட்டுகளாகவே இருக்கலாம். காற்றோடு அவற்றைத் தளர்த்தினால் ரிங் பறக்கும். எதிரில் இருப்பவர் பிழைக்க மாட்டார்.

வண்டியைச் சமமான, இறுகிய தரையில் நிறுத்துங்கள். பக்கெட்டைத் தரையில் வையுங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள், சாவியை எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடியும் வண்டி என்பதால் அது மடியாமல் தடுக்கும் ஆர்ட்டிகுலேஷன் லாக் பாரைக் கட்டாயம் மாட்டவேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள்.

பின் ஆக்சில் நடுப் பின்னில் ஆடக்கூடியது. ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்தால் வண்டி தூக்காமல் ஆக்சில்தான் சாயும். அதனால் ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரு பக்கமும் கெட்டி மரக்கட்டை அடைத்துவிட்டுத் தூக்குங்கள். 18 டன் வண்டிக்கு 20 டன் ஜாக்கி போதும். அதற்கு அடியில் இரும்புத் தகடோ ஸ்லீப்பர் கட்டையோ போடவேண்டும். மழை ஈரத்தில் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிவிடும்.

முதலில் பாரம் ஜாக்கிக்கு வரும் அளவு மட்டும் தூக்கி, டயர் தரையைத் தொட்டபடியே இருக்கட்டும். ஆக்சிலுக்கு அடியில் கட்டை அடுக்குங்கள். இப்போது வால்வின் பின்னைக் கழற்றி முழுக் காற்றையும் வெளியே விடுங்கள். சத்தம் நின்றுவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. சேறோ துருவோ அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள். பிறகு நட்டுகளைத் தளர்த்துங்கள். டயர் தரையில் இருக்கும்போதே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தூக்கிவிட்டுத் தளர்த்தினால், நட்டுக்குக் கொடுக்கும் விசையில் வண்டி ஜாக்கிமேல் அசையக்கூடும்.

அடுத்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கி, கட்டையை மேலும் அடுக்கி, பாரத்தைக் கட்டைமேல் இறக்குங்கள். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. சக்கரம் ரிம்மோடு அரை டன் வரும். பெல்ட் போட்டு ஹைட்ரா கிரேனில் பிடித்த பிறகே கடைசி நட்டுகளை எடுங்கள்.

இறுகிய நட்டுக்கு கேஸ் டார்ச் காட்டுவது நம் ஊர்ப் பழக்கம். விட்டுவிடுங்கள். ரிம் சூடானால் உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயு உண்டாகும். காற்று இறக்கியிருந்தாலும் டயர் வெடிக்கும். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் வைக்கக் கூடாததும் இதனால்தான்.

டயரை மறுபடி ரிம்மில் மாட்டும்போது ரிம் துண்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேய்த்துப் பாருங்கள். விரிசலோ வளைவோ கண்டால் அந்தத் துண்டை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள், மூலையில் கிடந்தால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். வேறு கம்பெனி லாக் ரிங் பார்வைக்குப் பொருந்தினாலும் போடக்கூடாது. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒவ்வொரு முறையும் புதிது.

காற்றுக்கு கிளிப் வைத்த நாசில், மூன்று மீட்டருக்குக் குறையாத ஹோஸ், கையருகே கேஜும் வால்வும் வேண்டும். நிற்க வேண்டிய இடம் டயரின் பட்டை (தரையில் உருளும் பகுதி) பக்கம், ரிம்முக்கு நேரே அல்ல. 5 பிஎஸ்ஐயில் நிறுத்தி ரிங் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். உட்காரவில்லையென்றால் முழுக்க இறக்கிவிட்டுச் சரிசெய்யுங்கள். காற்றோடு சுத்தியல் கூடாது.

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் திருகு விசைக்கு) இறுக்குங்கள். புதிதாக மாட்டிய சக்கரம் ஓடத் தொடங்கியதும் நட்டு கொஞ்சம் தளரும். அன்றைய ஷிஃப்ட் முடிந்ததும் டார்க் ரெஞ்ச்சோடு மறுபடி ஒரு சுற்று வாருங்கள்.