மருத்துவக் குரல் பதிவில் புரியாத சொல்லைக் கண்டறியும் முறை

கிண்டி, அம்பத்தூர், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இருந்தும், இப்போது தாம்பரம், போரூர் பக்கத்து வீடுகளில் இருந்தும் அமெரிக்க மருத்துவர்களின் டிக்டேஷனைக் கேட்டு அறிக்கையாக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பணிக்குப் புதிதாக வருபவர்கள், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தட்டச்சு வேகம் பழகப் பழக வந்துவிடும். உடற்கூறியல் சொற்களைப் படித்து மனத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் காதில் விழும் ஒலி எந்தச் சொல் என்று தெரியாதபோது அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு முறை வேண்டும். அந்த முறையின் அடிப்படை இதுதான்: காது சொல்வது ஒரு சான்று மட்டுமே, அறிக்கைக்குள்ளிருந்தோ நம்பகமான மருத்துவ நூலிலிருந்தோ இரண்டாவது சான்று கிடைக்கும் வரை அந்தச் சொல்லை எழுதக் கூடாது. நாம் எழுதும் வரியை நம்பித்தான் நோயாளியை முன்பின் பார்த்திராத இன்னொரு மருத்துவர் நாளை மருந்து கொடுக்கப் போகிறார்.

முதலில் கேட்கும் முறை. புரியாத சொல் வந்தவுடன் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்ப ஓட்டுவது பயன் தராது. பத்து முறை கேட்டால் பத்தாவது முறை நாம் நினைத்ததே கேட்கத் தொடங்கிவிடும். பதிவை ஓட்டவும் நிறுத்தவும் காலால் இயக்கும் ஃபுட் பெடலை அழுத்தி இரண்டு வாக்கியம் பின்னால் போய், பேச்சின் ஓட்டத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது எல்லா நேரமும் உதவாது. மெதுவாக ஓட்டினால் மெய்யொலிகள் குழைந்துவிடும் என்பதால், முணுமுணுத்துப் பேசும் மருத்துவரைச் சற்று வேகமாக ஓட்டிக் கேட்டால் சில சமயம் தெளிவாகும். அப்படியும் பிடிபடாவிட்டால் இடத்தைக் குறித்துவிட்டு மேலே போங்கள். முதல் பத்தியில் விழுங்கிய சொல்லை அதே மருத்துவர் இறுதியில் நோய் முடிவையும் சிகிச்சைத் திட்டத்தையும் சொல்லும்போது நிறுத்திச் சொல்வது மிக வழக்கம்.

தமிழ்க் காதுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ‘முடியாது’ என்ற பொருளில் நாம் ‘காண்ட்’ என்று நீட்டிச் சொல்லும் சொல்லை அமெரிக்கர் ‘கேன்ட்’ என்பார். அதன் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். ‘முடியும்’ என்ற பொருளுடைய ‘கேன்’ வாக்கியத்தின் நடுவே ‘கன்’ என்று குறுகிவிடும். ஆகவே ‘ட்’ கேட்கிறதா என்று தேடாமல், உயிரொலி முழுதாக ஒலிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எண்களிலும் இப்படியே: ‘தர்ட்டி’ என்று நாம் வல்லினத்தில் சொல்வதை அவர்கள் ‘தர்டி’ என்று மெலிதாக்குவார்கள், 13ஐச் சொல்லும்போது ‘ட்’ அழுத்தமாகவே நிற்கும். மருந்தின் அளவில் 15ஆ 50ஆ என்ற ஐயம் வந்தால், அந்த மருந்து எந்த அளவுகளில் மாத்திரையாகக் கிடைக்கிறது என்று மருந்து அகராதியில் பாருங்கள். மெலாக்சிகாம் மாத்திரை 7.5, 15 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. அட்டெனலால் 25, 50, 100 அளவுகளில் வருகிறது. எனவே முன்னதற்கு 15, பின்னதற்கு 50 என்பதற்கு வலுவான சான்று கிடைத்துவிடுகிறது. ஊசி மருந்துக்கும் உடல் எடையைக் கணக்கிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் இந்த வழி செல்லாது. அங்கே ஐயம் இருந்தால் ஐயமாகவே விட வேண்டும்.

ஒலி ஒத்த சொற்களில்தான் இரண்டாவது சான்றின் அருமை தெரியும். பக்கவாதம் வந்த நோயாளியின் அறிக்கையில் ‘டிஸ்ஃபேஜியா’ என்றும் ‘டிஸ்ஃபேசியா’ என்றும் மாறி மாறிக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னது விழுங்குவதில் சிரமம், பின்னது பேச்சிலும் மொழியிலும் சிரமம். பக்கவாதத்தில் இரண்டுமே வரக்கூடியவை என்பதால், ‘பக்கவாத நோயாளிதானே’ என்று சூழலைக் காட்டி எதையும் முடிவு செய்ய இயலாது. சிகிச்சையைப் பற்றிப் பேசும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள்: பேரியம் கொடுத்து விழுங்கும் பரிசோதனை செய்யச் சொல்கிறாரா, நீர் ஆகாரத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறாரா? அப்படியென்றால் முன்னது. நரம்பியல் பரிசோதனையில் பேனாவைக் காட்டியபோது பெயர் சொல்ல இயலவில்லை என்கிறாரா? அப்படியென்றால் பின்னது. இரண்டு குறிப்புகளும் இருந்தால், எந்த இடத்தில் எதைச் சொன்னார் என்பது நமக்குத் தெரியாது; அங்கே பிளாங்க், அதாவது சொல்லை எழுதாமல் இடம் விடுவதுதான் சரியான விடை. ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அனுப்புகிறார் என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள், அவர் இரண்டுக்கும் சிகிச்சை தருபவர்.

இரத்த அழுத்தம் 88/50 என்று சொல்லிவிட்டு உப்பு நீர் ஏற்றச் சொன்னால், காதில் ‘ஹைப்பர்டென்ஷன்’ (உயர் அழுத்தம்) போல விழுந்தது ‘ஹைப்போடென்ஷன்’ (தாழ் அழுத்தம்) ஆக இருக்க வேண்டும் என்பது எளிது. ‘இலியம்’ சற்றுக் கடினம், ஏனெனில் இரண்டு சொற்களின் உச்சரிப்பும் ஒன்றே. ஆங்கில எழுத்துக்கூட்டலின் நடுவில் ஈ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைப்பகுதி, ஐ எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. மருந்துகளில், மூட்டு வலிக்கான செலிப்ரெக்ஸ், மனச்சோர்வுக்கான செலெக்ஸா, வலிப்புக்கான செரிபிக்ஸ் ஆகிய மூன்றும் வேகமான பேச்சில் ஒன்றாகவே விழும். அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் ஹைட்ராக்சிசினும் இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசினும் அப்படியே. மருந்தை நோயோடு பொருத்திப் பார்க்காமல் எழுதவே கூடாது.

அகராதியில் கிடைக்காத சொல்லுக்குப் பெரும்பாலும் முதலெழுத்துதான் காரணம். ‘டோசிஸ்’ என்று கேட்பது டி வரிசையில் இராது, பி வரிசையில் இருக்கும். ‘ஸைஃபாய்ட்’, ‘ஸெரோஃபார்ம்’ இரண்டும் எக்ஸ் வரிசையில் இருக்கும். ‘ந’ ஒலியில் தொடங்கினால் பி-என் கூட்டையும், ‘ர’ ஒலியில் தொடங்கினால் ஆர்-எச் கூட்டையும், ‘க’ ஒலியில் தொடங்கினால் சி-எச் கூட்டையும் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக் கருவிகள் இன்னும் கடினம். அவற்றுள் பல ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் பெயர் தாங்கியவை. ‘வீட்லேண்டர்’ என்று காதில் விழுவதை அப்படியே தேடினால் சரியான இடத்துக்குப் போக மாட்டோம். மருத்துவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள்: வெட்டிய தசையை விலக்கிப் பிடித்து, தானாக நிற்கும்படி வைக்கிறார். தானாக நிற்கும் ரிட்ராக்டர் வகைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ‘வைட்லானர்’ அங்கே இருக்கும். ஒலியை விட்டுப் பயனைப் பிடித்துத் தேடும் இந்த வழியை நான் மற்றெல்லாவற்றையும் விட மேலாக மதிக்கிறேன்.

இணையத் தேடலில் ஒரு சொல் நிறைய இடங்களில் வருகிறது என்பது சான்று ஆகாது. தவறான எழுத்துக்கூட்டலும் பல்லாயிரம் இடங்களில் வரும். நோயாளியின் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தேடல் பெட்டியிலோ உரையாடல் செயலியிலோ இடக் கூடாது. ஆடியோ துண்டை வாட்ஸ்அப்பில் தோழிக்கு அனுப்பி ‘இது என்ன சொல்’ என்று கேட்கவும் கூடாது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் காக்கும் தகவல் அது. கேட்க வேண்டுமானால் அதே குழுவில் அனுமதி உள்ளவரிடம் கேளுங்கள். அப்போதும் உங்கள் ஊகத்தை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அவர் காதிலும் அதுவே விழும்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தந்த வரைவைத் திருத்துபவர்களுக்கு ஆபத்து வேறு வகையில் வருகிறது. மனிதர் புரியாத இடத்தில் தயங்குவார். மென்பொருள் இலக்கணம் பிசகாத ஒரு வாக்கியத்தைப் போட்டு நிரப்பிவிடும். ‘இல்லை’ என்ற ஒரு சிறு சொல் விழுந்துபோனால், மார்பு வலி இல்லாத நோயாளிக்கு மார்பு வலி வந்துவிடும். எனவே கண்ணை முன்னே விடாமல், காது கேட்ட பிறகே வரியைப் படிக்க வேண்டும்.

பிளாங்க் விடுவதை இழுக்காக எண்ண வேண்டாம், தரச் சோதனையான கியூ.ஏ.வில் மதிப்பெண் குறையும் என்ற அச்சத்தில் ஊகித்து நிரப்புவதே பெருந்தவறு. ஆனால் வெற்றுக் கோடாக விடாதீர்கள். ‘2 நிமிடம் 14 நொடி, வலது தோள்பட்டை பரிசோதனை, ஒரு சொல், “நீர்” போன்ற ஒலியில் தொடங்குகிறது, தசைநார் சோதனையின் பெயராக இருக்கலாம்’ என்று எழுதினால், அடுத்துக் கேட்பவர் நீர் என்ற மருத்துவரின் பெயரைத் தாங்கிய சோதனையை உடனே பிடித்துவிடுவார். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் இடைவெளி இருப்பதால், மறுபுறத்தில் இருப்பவர் நம்மிடம் திரும்பக் கேட்கத் தேவையில்லாதபடி குறிப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

நடைபற்றிய கேள்விகளுக்கு வரிசை ஒன்று உண்டு: வாடிக்கையாளரான மருத்துவமனை தந்த விதிதான் முதலில், அது பேசாத இடத்தில் துறையின் பொது நடைக் கையேடு, இரண்டும் பேசாத இடத்தில் மட்டும் குழுவின் வழக்கம். நோயின் பெயரில் பார்க்கின்சன் போன்ற மனிதப் பெயர் வந்தால் உடைமைக் குறி இடுவதா வேண்டாமா என்று மணிக்கணக்கில் வாதிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அக்கவுண்டின், அதாவது அந்த வாடிக்கையாளரின், விதித்தாளைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் விஷயம் அது.

எண்ணும் சுருக்கமும் அப்படி விட்டுவிடக் கூடியவை அல்ல. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் தடை செய்த சுருக்கங்களின் பட்டியலை மேசையில் ஒட்டி வையுங்கள். புள்ளிக்கு முன் சுழியம் இட்டு 0.5 என்று எழுத வேண்டும்; மருந்தளவில் 5.0 என்று பின்சுழியம் இடக் கூடாது, புள்ளி கண்ணில் படாவிட்டால் 50 ஆகிவிடும். ஆய்வக முடிவிலும் ஸ்கேனில் அளந்த கட்டியின் அளவிலும் துல்லியத்தைக் காட்டும் பின்சுழியத்துக்கு விலக்கு உண்டு. இன்சுலின் அளவில் ‘யூ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ‘யூனிட்ஸ்’ என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். எம்.எஸ். என்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா, மைட்ரல் ஸ்டெனோசிஸா, மார்ஃபின் சல்ஃபேட்டா என்று அறிக்கையே தெளிவாகச் சொன்னால் ஒழிய விரித்து எழுதாதீர்கள்.

மருத்துவரின் இலக்கணத்தைத் திருத்தலாம்; மருத்துவப் பொருளைத் திருத்தக் கூடாது. முதல் பத்தியில் இடது முழங்கால், அறுவை சிகிச்சைப் பத்தியில் வலது முழங்கால் என்று வந்தால், எது சரி என்று நமக்கு உறுதியாகத் தோன்றினாலும் சொன்னது சொன்னபடியே இரண்டையும் எழுதி, முரண்பாட்டைக் கொடியிட்டு அனுப்ப வேண்டும். திரும்பி வரும் விடையை அந்த மருத்துவரின் பெயரில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் தையல் நூல், கருவி, அடிக்கடி விழுங்கும் சொற்கள் எல்லாம் அதில் சேரட்டும். அவருடைய அடுத்த குரல் பதிவைத் திறக்கும்முன் அந்தத் தாளை ஒருமுறை படித்துவிட்டுப் பெடலை அழுத்துங்கள்.